எண்ணுவதற்கு யார் காசு தருவது?

வெள்ளவத்தை லொட்ஜ்காரருக்கு ஒரு வகை வாடிக்கையாளரை நல்லாத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ இரவு பஸ்ஸில் வந்து விடிய இறங்குவார்கள். கையில் உடுப்பு பேக்கோடு பெரிய மண்ணிற உறை ஒன்றும் இருக்கும், உள்ளே ஸ்கான் படங்கள். காலமை மஹரகம, பின்னேரம் திரும்பவும் லொட்ஜ். கதிர் சிகிச்சை என்றால் இப்படியே வாரக்கணக்காகப் போகும். கொட்டாஞ்சேனைச் சனம் புறக்கோட்டைக்கு வந்து 138 பஸ் எடுக்கும். 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கும் வரை வடக்கில் பலருக்கு மஹரகமவை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

நோயாளிக்குக் காசு சேர்க்க எங்கட சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கோயிலில் உண்டியல் வைப்போம், பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதுவோம், லண்டனில் இருக்கிற மாமாவுக்கு வட்ஸ்அப் போடுவோம். ஆனால் புற்றுநோய் விஷயத்தில் இன்னொரு செலவும் இருக்கிறது. இந்த நோய் யாருக்கு, எந்த ஊரில், எந்த வயதில், எதனால் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கான செலவு. ஒரே குடும்பத்தில் அம்மா, சித்தி, மகள் என்று வரும்போது மரபணுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கான செலவு. முதலாவதை நோய்ப்பரவல் ஆய்வு என்றும் இரண்டாவதை மரபியல் ஆய்வு என்றும் சொல்கிறார்கள். இவை இரண்டுக்கும் இலங்கையில் நூறு வருடமாகக் காசு எங்கிருந்து வந்தது? அந்தக் காசு எந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது, எதைக் கேட்காமல் விட்டது? இந்தக் கட்டுரையில் நாங்கள் தேடிப் பார்த்தது அதைத்தான்.

புழுவுக்கு வந்த முதல் டொலர்

கதை புற்றுநோயில் தொடங்கவில்லை. புழுவில் தொடங்குகிறது. 1913இல் அமெரிக்காவில் ரொக்பெல்லர் மன்றம் உருவானது, எண்ணெய் வியாபாரத்தில் சேர்ந்த காசில். அதன் சுகாதாரப் பிரிவு 1916இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது. அவர்கள் தேடியது கொழுக்கிப்புழு. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் இருந்து இரத்தம் குடிக்கும் புழு. பரிசோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள்.

தோட்டத் துரைமாருக்கும் இதில் அக்கறை இருந்தது. இரத்தம் குறைந்த கூலிக்கு வேலை ஓடாது. அதனால் மருந்து கொடுப்பதை அவர்கள் வரவேற்றார்கள். ஆனால் மருந்து குடித்தவர் அடுத்த நாள் அதே மண்ணில்தான் நடப்பார். கக்கூஸ் கட்டாவிட்டால் புழு திரும்ப வரும். கக்கூஸுக்குச் செலவழிக்கச் சொன்னபோது துரைமாரின் உற்சாகம் குறைந்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 1926இல், அதே ரொக்பெல்லர் உதவியோடு களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஒரு பிரதேசத்தின் பிறப்பு, இறப்பு, நோய், தண்ணீர், மலசலகூடம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிற முறை. இன்று எம்.ஓ.எச். அலுவலகம் என்று எங்கட வீதியில் இருக்கிறதே, அதன் வேர் அங்கேதான்.

காசு ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. தோட்டத்தில் “இந்தக் கூலி எத்தனை நாள் வேலை செய்வான்?” என்பது கேள்வியாக இருந்தது. களுத்துறையில் “இந்த ஊரில் ஏன் நோய் வருகிறது?” என்று அது மாறியது. நிதி தருபவரும் அவரோடு மேசையில் இருப்பவரும் சேர்ந்துதான் கேள்வியைத் தீர்மானிக்கிறார்கள். தோட்டத் தொழிலாளி அந்த மேசையில் இருக்கவில்லை.

வெற்றிலைத் தட்டம்

இனிப் புற்றுநோய். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்றொரு ஊர். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆஸ்பத்திரி இருந்தது. இங்கிலாந்துத் தேவாலயங்களில் காணிக்கையாகச் சேர்ந்த காசில் ஓடிய ஆஸ்பத்திரி. வாய்க்குள் புண்ணோடும் கன்னத்தில் கட்டியோடும் வருபவர்கள் அங்கே இங்கிலாந்து மருத்துவர்கள் நினைத்துப் பார்த்திராத அளவுக்கு அதிகம். 1908இல் பென்டால் என்ற மருத்துவர் 1700 புற்றுநோயாளிகளின் விபரங்களைத் தொகுத்து பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1933இல் அதே ஆஸ்பத்திரியின் இயன் ஓர், வெற்றிலை மெல்லுபவர்களின் வாய்ப்புற்றுநோய் பற்றி ‘லான்செட்’டில் எழுதினார்.

இதில் எங்கட பங்கும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மெல்லும் புகையிலைக்கு டச்சுக்காரர் காலத்திலிருந்தே பெரிய சந்தை திருவிதாங்கூர்தான். வலிகாமத்துத் தோட்டக் காணிகளும் கல்வீடுகளும் பிள்ளைகளின் படிப்பும் எந்தக் காசில் வந்தன என்று பழைய ஆக்களைக் கேட்டால் புகையிலையைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தின் செல்வத்தையும் நெய்யூரின் நோயாளிகளையும் வேறு வேறு புத்தகங்களில்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

1949இல் இலங்கைப் பல்வைத்தியர் டபிள்யூ. பாலேந்திரா பிரித்தானியப் பல்மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். வெற்றிலை மெல்லுவது பல்லையும் வாயையும் என்ன செய்கிறது, கன்னப் புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாமா என்பதுதான் விஷயம். சுதந்திரம் கிடைத்து அடுத்த வருடம். தன் கதிரைக்கு முன் வாயைத் திறந்தவர்களைக் கவனித்துப் பார்த்த ஒரு வைத்தியரின் கேள்வி அது. 1984இல் பேராதனையைச் சேர்ந்த சமன் வர்ணகுலசூரிய குழுவினர் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் இன்னொரு படியை எழுதினார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், கிராமத்துச் சுகாதார ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் வாயைப் பார்த்தே ஆரம்ப அறிகுறிகளைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். 2007இல் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வும் வெளிவந்தது. கொழுக்கிப்புழு காலத்துக்கு 90 வருடத்துக்குப் பிறகு அதே லயன்களுக்கு ஆய்வாளர்கள் போனார்கள்.

இதற்கிடையில் உலகத்தில் என்ன நடந்தது? 1963இல் பிரான்சில் அறிவுஜீவிகள் சிலர் ஜனாதிபதி டி கோலுக்கு ஒரு யோசனையைக் கொண்டு போனார்கள். வல்லரசுகள் தங்கள் இராணுவச் செலவில் 0.5 சதவீதத்தை எடுத்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கட்டும் என்றார்கள். டி கோல் அதை ஏற்றுக்கொண்டார். பேசிப் பேசி முடிவுக்கு வந்தபோது 0.5 சதவீதம் காணாமற் போயிருந்தது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் வருடத்துக்கு ஆளுக்கு 150,000 டொலர் தருவதாக ஒத்துக்கொண்டன. ஒரு போர் விமானத்துக்குக் கூடக் காணாத காசு. அந்தச் சின்னக் காசில்தான் 1965இல் லியோன் நகரின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பிறந்தது.

எது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகத்துக்குச் சொல்வது இன்று இந்த முகவரகம்தான். 1985இல் அது புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்றது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கு? சான்று போதாது என்று சொல்லிவிட்டது. “நான் புகையிலை போடுறதில்லை, சும்மா பாக்குத்தானே” என்று அம்மம்மாமார் சொல்வதற்கு அந்தக் காலத்தில் விஞ்ஞானத்திடமும் பதில் இல்லை. 2003இல் பதில் வந்தது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். இந்த முடிவுக்கு உதவிய முக்கியமான ஆய்வுகள் தாய்வானில் நடந்தவை. அங்கே சனம் பாக்கைப் புகையிலை இல்லாமல் மெல்லும், அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. தாய்வானில் அதற்குச் செலவழிக்கக் காசும் ஆய்வாளர்களும் இருந்தார்கள்.

நெய்யூரின் 1700 பேரிலிருந்து லியோனின் முடிவு வரை 95 வருடம். ஏழைகளின் வாயில் வருகிற நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் எவ்வளவு மெதுவாக நடந்து வரும் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம். இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் இன்றைக்கும் வாய்ப்புற்றுநோய்தான்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

எண்ணுவதற்கு முதலில் ஒரு பதிவேடு வேண்டும். இலங்கையில் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 1980இலும் தேசியப் பதிவேடு 1985இலும் வந்தன. ஆனால் அது ஆஸ்பத்திரிகளுக்கு வந்த நோயாளிகளை வைத்து எழுதிய பதிவேடு. ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் பெயர் ஏறும். 1990இலிருந்து 2002 வரை ஏ9 வீதி மூடியிருந்தது. 2006இல் திரும்ப மூடினார்கள். அந்த வருடங்களில் மார்பில் கட்டியோடு கிளிநொச்சியில் இருந்த ஒரு பெண் மஹரகமவுக்கு வந்து சேர்வது என்றால் பாஸ், சோதனைச் சாவடி, கப்பல், லொட்ஜ், பொலிஸ் பதிவு. வந்தவர்களை எண்ணலாம். வராமல் வீட்டிலேயே செத்தவர்களை எந்தப் பதிவேடும் எண்ணாது. வடக்கில் நோய் குறைவு என்று அந்தக் காலத்துப் புள்ளிவிபரம் ஏதாவது சொன்னால், அது நோயைச் சொல்கிறதா வீதியைச் சொல்கிறதா என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஒரு பிரதேசத்தில் வாழும் எல்லோரையும் கணக்கில் எடுத்து, தனியார் ஆஸ்பத்திரி, ஆய்வுகூடம், மரணப் பதிவு எல்லாவற்றிலும் தேடி எழுதுவது வேறு வகை. அதைச் சனத்தொகை சார்ந்த பதிவேடு என்பார்கள். சென்னையில் அது 1982 ஜனவரியில் தொடங்கிவிட்டது, அடையாறு புற்றுநோய் நிலையத்தில். சகோதரியைப் புற்றுநோயில் இழந்த முத்துலட்சுமி ரெட்டி, ஊரெல்லாம் நிதி திரட்டி 1954இல் 12 கட்டிலோடு தொடங்கிய இடம் அது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பதிவேட்டுக்குப் பணம் கொடுத்தது. 2012இல் தமிழ்நாடு அரசு செலவை ஏற்று, மாநிலம் முழுவதையும் எண்ணும் திட்டம் தொடங்கியது. ஏழு கோடிக்கும் மேற்பட்ட சனம்.

அதே 2012இல்தான் இலங்கையில் கொழும்பு மாவட்டத்துக்குச் சனத்தொகை சார்ந்த பதிவேடு வந்தது. ஆக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசிப்பவர்கள், வேறு யாரும் முழுதாக எண்ணப்படாத காலத்திலேயே எண்ணப்படத் தொடங்கியவர்கள். இந்த வாசியை எங்கட இளம் ஆய்வாளர்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது எங்கள் எண்ணம்.

எஸ்.ரி.யூ.

1983 என்றால் வெள்ளவத்தையில் எல்லோருக்கும் ஒரே ஞாபகம்தான். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். அதே 1983இல், அதே நகரத்தில், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு தொடங்கப்பட்டது. இலங்கையில் இந்தத் துறைக்கென்று முதல் தொடங்கிய பிரிவு. ஒரு பக்கம் மரபணுவைப் படிக்க ஓர் இடம் திறக்கிறது. மறுபக்கம் அந்த மரபணுக்களைச் சுமந்த ஆயிரக்கணக்கான ஆக்கள் கப்பலிலும் விமானத்திலும் ஏறுகிறார்கள்.

போர்க்காலம் முழுக்க கொழும்பில் இந்தத் துறையைத் தாங்கிய வெளிக்காசில் முக்கியமானது சுவீடனுடையது. சுவீடன் அரசின் ஆராய்ச்சி உதவி அமைப்பான சாரெக், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியலை வளர்க்க நீண்ட காலம் உதவியது. மலேரியாவும் யானைக்கால் நோயும் முதலில் வந்தன. அந்த உதவியின் தொடர்ச்சியாக உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகம் உருவானது. 2008இல் அங்கிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவை இலங்கை நோயாளிகளிடமும் ஆபத்திலுள்ள குடும்பத்தவரிடமும் வாசித்துப் பார்த்த ஆய்வு. அதுவரை எங்கும் பதிவாகாத மாற்றங்களை அது காட்டியது. உலகத்தின் அகராதியில் இல்லாத சொற்கள் எங்கட உடம்பில் இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள்.

அந்த அகராதியை எழுதியது யார்? 2008இல் ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் என்ற சர்வதேச முயற்சி தொடங்கியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களும் பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையும் காசு கொடுத்தவர்களில் முக்கியமானவை. 2015இல் 26 மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த 2504 பேரின் மரபணுத்தொகுதி வெளியானது. அதில் ஒரு கூட்டத்தின் குறியீடு எஸ்.ரி.யூ. விரித்துச் சொன்னால், ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர். 102 பேர்.

இரத்தம் எடுத்தது பிரித்தானியாவில். கலங்கள் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜேர்சியின் கொரியல் நிறுவனத்தில். தரவை உலகத்தில் யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். இலங்கையிலிருந்து அந்தப் பட்டியலில் வேறு ஒரு கூட்டமும் இல்லை. சிங்களவர் இல்லை, முஸ்லிம்கள் இல்லை, மலையகத் தமிழர் இல்லை. அகதியாய்ப் போனவர்களும் அவர்களின் பின்னால் போனவர்களும் உலக அறிவுக்குள் வந்துவிட்டார்கள். இங்கேயே இருந்தவர்கள் வரவில்லை.

இது ஏன் முக்கியம்? அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண் வெள்ளவத்தையில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரபணுப் பரிசோதனை செய்கிறாள். ஒரு மாற்றம் இருக்கிறது என்று றிப்போட் வருகிறது. அது ஆபத்தான மாற்றமா, எங்கட சனத்தில் சாதாரணமாக இருப்பதா என்று அறிய, நோயில்லாதவர்களிடம் அது எவ்வளவு காணப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத் தரவு இல்லாவிட்டால் றிப்போட்டில் “பொருள் நிச்சயமில்லாத மாற்றம்” என்று அடிப்பார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரைவிட மற்றவர்களுக்கு இந்தப் பதில் அதிகம் வருகிறது. சத்திரசிகிச்சை செய்வதா, கலியாணத்துக்கு முன் சொல்வதா, தங்கச்சியையும் பரிசோதிப்பதா என்று அந்தப் பெண் முடிவெடுக்க வேண்டும். கையிலோ ஒரு கேள்விக்குறி மட்டும்.

எஸ்.ரி.யூ. 102 பேர் கொஞ்சம் உதவுவார்கள். ஆனால் அவர்களின் நோய்விபரம் எதுவும் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. நோயோடும் வயதோடும் குடும்ப வரலாற்றோடும் சேர்ந்த தரவு இங்கே, இந்த மண்ணில்தான் எடுக்கப்பட வேண்டும்.

நடந்து சேர்த்த காசு

காசே இல்லாத சனமா நாங்கள்? 2011 ஜூலையில் ‘ட்ரெய்ல்’ என்ற நடைபயணம் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்தது. சேர்ந்த நிதி தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. 2016இல் எதிர்த்திசையில் நடந்தார்கள், காலி கராப்பிட்டிக்காக. அதே 2016இல், மகனைப் புற்றுநோயில் பறிகொடுத்த ஒரு கொழும்புத் தந்தை மஹரகமவுக்குப் பெட் ஸ்கானர் வாங்க முன்னின்றார். சில்லறையாகவும் காசோலையாகவும் வந்து 20 கோடி ரூபாவுக்கு மேல் சேர்ந்தது. தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று பிரித்துப் பார்க்காமல் கொடுத்தார்கள். இந்த நாட்டில் பெருமைப்பட எங்களிடம் இருக்கிற கதைகளில் இவையும் உண்டு.

ஸ்கானரை ஒரு படத்தில் காட்டலாம். கட்டடத்துக்கு நாடா வெட்டலாம். பதிவேட்டு எழுதுநரின் மாதச் சம்பளத்துக்கு யார் நாடா வெட்டுவது? அதனால்தான் எண்ணும் வேலை அரசையும் வெளிநாட்டையும் மட்டும் நம்பி இருக்கிறது. இலங்கை அரசு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான். 2022 நெருக்கடியில் புற்றுநோய் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோது ஆராய்ச்சியைப் பற்றி யார் கதைப்பது? வெளிநாட்டுக் காசும் நிலையானதில்லை. 2025 மே மாதம் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உபமானியம் கொடுக்கும் பழைய முறையை நிறுத்தின. வொஷிங்டனில் ஓர் அறிவித்தல், பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் கலக்கம்.

திறந்திருக்கும் கதவுகள்

ஆனாலும் கதவுகள் இருக்கின்றன. மருத்துவமோ உயிரியலோ புள்ளிவிபரவியலோ படிக்கிற தம்பி தங்கைகள் இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள். உள்நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் போட்டி அடிப்படையில் ஆய்வு மானியம் தருகின்றன. லியோன் முகவரகம் புற்றுநோய் நோய்ப்பரவல் பற்றிக் கோடைகாலப் பள்ளி நடத்துகிறது, எங்களைப் போன்ற நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் புலமைப்பரிசிலும் உண்டு. சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம் வேறொரு நாட்டில் குறுகிய காலம் போய் வேலை பழக உதவுகிறது. முதுமாணிக்கும் கலாநிதிக்கும் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது.

விண்ணப்பத்தில் முதலில் கேட்பது “உங்கள் கேள்வி என்ன?” என்பதுதான். நூறு வருடமாக மற்றவர் எழுதிய பெட்டி அது. தோட்டத்து லயன்களில், ஏ9 மூடிய வருடங்களில், கொட்டாஞ்சேனை வெற்றிலைக் கடைகளில், லண்டனுக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் பிரிந்த குடும்பங்களில் அந்தப் பெட்டியை நிரப்பக் கேள்விகள் கிடக்கின்றன. வேறு ஆக்களுக்கு அவை தோன்றாது, ஏனென்றால் அவர்கள் அந்த வீடுகளில் வளரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சங்கங்களுக்கும் ஒன்று சொல்லலாம். அடுத்த முறை கருவி வாங்கக் காசு சேர்க்கும்போது, அதில் ஒரு பங்கை ஓர் இளம் ஆய்வாளரின் இரண்டு வருடச் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதித்த ஆய்வுக்கு, கணக்குக் காட்டும்படி கேட்டுக் கொடுங்கள்.

காசில்லாமலும் தொடங்க ஒரு வேலை இருக்கிறது. எங்கட வீடுகளில் “அவவுக்கு வயித்துக்க ஏதோ கட்டி” என்று சொல்லி நோயின் பெயரை விழுங்கிவிடுவார்கள், கலியாணம் குழம்பும் என்று பயம். அம்மாவின் பக்கமும் அப்பாவின் பக்கமும் யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் வந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மரபியல் கிளினிக்கில் வைத்தியர் உங்களிடம் கேட்கிற முதல் விஷயமும் அதுதான்.